காட்டை எரித்த காளவாய்... காலேஜ் ஆன பண்ணை! கலிஃபோர்னியாவில் ஒரு சுண்ணாம்புக் கம்பெனியின் கதை

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வரும் அப்பா, அம்மாக்களின் போனைத் திறந்தால் சில போட்டோக்கள் கட்டாயம் இருக்கும். கோல்டன் கேட் பாலம், ஸ்டான்ஃபோர்டு வாசல், லிவர்மோர் கோயில். பிள்ளைகளின் வீடு சான் ஹோசே பக்கம் என்றால் கூடவே சாண்டா க்ரூஸ் கடற்கரையும் இருக்கும். 17-ம் நம்பர் மலைச்சாலையில் வளைந்து வளைந்து இறங்கினால், டிராஃபிக் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும்.

அந்தக் கடற்கரையில், கடலுக்குள் நீளும் மரப்பாலத்துக்குப் பக்கத்தில், பலகையை வைத்துக்கொண்டு அலைச்சறுக்கு பழகும் கூட்டம் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கும். அந்த இடத்தின் பெயர் கௌவெல் பீச். ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா க்ரூஸ் வளாகம். அதன் முதல் கல்லூரியின் பெயர் கௌவெல் காலேஜ். கொஞ்சம் தள்ளி ஃபெல்டன் என்ற சிற்றூரில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ரெட்வுட் மரங்கள். அந்தக் காட்டின் பெயர் ஹென்றி கௌவெல் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க்.

கடல், கல்லூரி, காடு என மூன்றுக்கும் பெயர் கொடுத்த இந்த கௌவெல் யார்? கவர்னரா, கல்வி வள்ளலா, இயற்கை ஆர்வலரா?

மூன்றும் இல்லை. சுண்ணாம்பு விற்றவர்.

வாசலிலேயே காளவாய்

பல்கலைக்கழகத்தின் பிரதான நுழைவாயில், பே ஸ்ட்ரீட்டும் ஹை ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது கண்ணாடிக் கட்டடம் அல்ல. வயதான மரக் கொட்டகைகள், ஒரு கல் வீடு, புல்மேடு. சரிவை ஒட்டி, கோட்டைச் சுவர் இடிந்து நிற்பதுபோல கல்லால் கட்டிய ஓர் அமைப்பு. அடியில் வளைவு வாசல்கள். உள்ளே எட்டிப் பார்த்தால், நெருப்பு நக்கிய கல்லின் நிறம் இன்னும் தெரியும். அதுதான் சுண்ணாம்புக் காளவாய்.

முதுகில் பையோடு சைக்கிளில் ஏறிப் போகும் மாணவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் பார்ப்பதுதானே!

இந்தக் காளவாய்கள் ஏன் இங்கே வந்தன என்று கேட்டால், 120 கிலோமீட்டர் வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போக வேண்டும். வருடம், 1849.

அதற்கு முந்தைய வருடம்தான் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உலகமே கப்பல் ஏறி வந்தது. சுமார் 1,000 பேர் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோ, கண் மூடித் திறப்பதற்குள் பல்லாயிரம் பேர் வாழும் நகரமாக வீங்கியது. வந்தவர்கள் எல்லோரும் கிடைத்த பலகையை அடித்து, கேன்வாஸ் துணியைக் கட்டி, வீடு என்று சொல்லிக்கொண்டார்கள். விளக்கு மண்ணெண்ணெய்க்கும் முந்தைய காலத்து விளக்கு. அடுப்பு விறகடுப்பு. கடல் காற்றுக்குக் குறைவே இல்லை. பிறகென்ன? 1849 டிசம்பரில் இருந்து 1851 ஜூன் வரையிலான ஒன்றரை வருடத்தில், அந்த ஊர் 6 முறை பெரிய அளவில் பற்றி எரிந்தது.

ஆறாவது முறை சாம்பலைக் கூட்டும்போது ஊருக்குப் புத்தி வந்தது. இனி செங்கல்தான். செங்கல் என்றால் இடையில் பூச சாந்து வேண்டும். சாந்து என்றால் சுண்ணாம்பு வேண்டும். இன்றைக்கு நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால், அமெரிக்காவில் அதைத் தயாரிக்க 1870-கள் ஆனது. அதுவரை சுண்ணாம்புதான் ராஜா. அந்தச் சுண்ணாம்போ, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்து தென் அமெரிக்காவின் நுனியைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வர வேண்டும்.

ஐசக் டேவிஸ், ஆல்பியன் ஜோர்டன் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாண்டா க்ரூஸ் மலைச்சரிவில் தரமான சுண்ணாம்புக்கல் இருந்தது. துல்லியமாகச் சொன்னால் அது பளிங்கு. பூமிக்கு அடியில் வெந்து இறுகிய சுண்ணாம்புக்கல். அதைச் சுற்றிலும் விறகு. விறகு என்றால், ஆயிரம் வருடத்து ரெட்வுட் காடு. கீழே இறங்கினால் கடல், கப்பல் வந்து நிற்கும் துறை. கல்லும் நெருப்பும் வழியும் ஒரே இடத்தில்! 1853-ல் இருவரும் தொழிலைத் தொடங்கினார்கள்.

அந்த மலை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. அவாஸ்வாஸ் மொழி பேசிய உய்பி பழங்குடி மக்களின் நிலம் அது. 1791-ல் ஸ்பானியப் பாதிரிகள் இங்கே மிஷன் அமைத்தபோதே அவர்களுடைய வாழ்க்கை சிதறிவிட்டது. பிறகு மெக்சிகோ ஆட்சி, பிறகு அமெரிக்கா. கை மாறிக் கை மாறித்தான் சுண்ணாம்புக்காரர்களிடம் வந்து சேர்ந்தது.

நூறு கிலோ கல்லில் 56 கிலோ

பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும். 'கிட்டே போகாதே' என்று பாட்டி கத்துவார். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? காளவாயில் நெருப்பு அந்தக் கல்லுக்குள் வைத்துவிட்டுப் போன சூடு அது.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், அதற்குள் கட்டுண்டு கிடக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். பாக்கி 44 கிலோ புகையோடு புகையாக வானத்துக்குப் போய்விடும். விறகு எரியும் புகை தனிக்கணக்கு. சிமென்ட் ஆலைகளும் பருவநிலை மாற்றமும் என்று இன்றைக்குப் படிக்கிறோமே, அந்தக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆலை எவ்வளவு நவீனமானாலும் கல்லுக்குள் இருப்பது வெளியே வந்தே தீரும்.

சாண்டா க்ரூஸில் வேலை இப்படி நடந்தது. மலையில் துளை போட்டு, வெடிமருந்து நிரப்பித் தகர்த்துக் கல் எடுப்பார்கள். வண்டியில் கொண்டுவந்து காளவாய்க்குள் கையாலேயே அடுக்குவார்கள். இது கண்டபடி கொட்டுகிற வேலை இல்லை. அடியில் தீ மூட்ட இடம் விட்டு, கல்லையே வளைவாக நிறுத்தி, அதன் மேல் மேலே மேலே அடுக்க வேண்டும். வளைவு சரிந்தால் மொத்தச் சூளையும் வீண். பிறகு தீ. மூன்று, நான்கு நாள்கள் இரவு பகலாக விறகு தள்ள வேண்டும். நடுவில் தீ தணிந்தால் கல் பாதி வெந்தும் வேகாமலும் போய்விடும். அதற்குப் பிறகு ஆற விட்டு, உள்ளே இறங்கிக் கையால் பிரித்தெடுக்க வேண்டும்.

அந்தத் தூள் வியர்வை பட்ட தோலில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வேலை செய்தவர்களில் கணிசமானோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இத்தாலியர்கள், அட்லான்டிக் கடலில் இருக்கும் அசோர்ஸ் தீவுகளில் இருந்து வந்த போர்த்துகீசியர்கள். அவர்கள் தங்கிய சின்னச் சின்ன மரக் குடிசைகளில் சில, பல்கலைக்கழக வாசலுக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கின்றன. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அவ்வளவுதான் இடம்.

சுண்ணாம்பைச் சுட்டது பாதி வேலைதான். அதை ஈரம் படாமல் ஊர் சேர்ப்பது மீதி. அதனால் பீப்பாய் செய்யவே ஒரு தனிப் பட்டறை வைத்திருந்தார்கள். 19-ம் நூற்றாண்டின் அந்த நீளமான மரக் கட்டடம் இன்றும் காளவாய்களுக்கு அருகே இருக்கிறது. பீப்பாய்களைக் காளை வண்டிகளில் ஏற்றி, பே ஸ்ட்ரீட் வழியாகக் கடலுக்கு இறக்குவார்கள். இன்று கௌவெல் பீச்சில் சர்ஃபிங் பலகையோடு நடப்பவர்கள், அன்று சுண்ணாம்பு ஏற்றிய துறைக்குப் பக்கத்தில்தான் நடக்கிறார்கள்.

கப்பல்காரர்களுக்குச் சுண்ணாம்பு என்றாலே நடுக்கம். மரக் கப்பல். எங்காவது கசிவு ஏற்பட்டுக் கடல்நீர் பீப்பாய்க்குள் போனால் சுண்ணாம்பு சூடாகும். சூட்டில் பீப்பாய் பற்றும். பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றினால்? இன்னும் சூடாகும்! நடுக்கடலில், சுற்றிலும் தண்ணீர் இருக்க, தீயில் ஒரு சொட்டு ஊற்ற முடியாத நிலை. காற்றுப் போகாதபடி எல்லா இடுக்குகளையும் அடைத்துவிட்டு, கரைக்கு விரைவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வண்டி ஓட்டியவர் முதலாளி ஆனார்

ஹென்றி கௌவெல் 1819-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரென்தம் ஊரில் பிறந்தவர். தங்க வேட்டைக் காலத்தில் அண்ணன் தம்பியாக மேற்குக் கரைக்கு வந்தார்கள். ஆனால், அவர் மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கவில்லை. தங்கம் தேடுபவர்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலும் கிடங்குத் தொழிலும் செய்தார். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வண்டி வாடகை வந்துவிடும் அல்லவா!

1865-ல் ஜோர்டனின் பங்கை 1 லட்சம் டாலருக்கு வாங்கினார். 'ஜோர்டன் அண்டு டேவிஸ்' என்ற பலகை, 'டேவிஸ் அண்டு கௌவெல்' ஆனது. குடும்பத்தோடு சாண்டா க்ரூஸுக்கே வந்துவிட்டார். 1888-ல் டேவிஸ் இறந்த பிறகு அவருடைய பங்கும் கௌவெலிடம் வந்தது. அதற்குப் பிறகு கம்பெனியின் பெயர் 'ஹென்றி கௌவெல் லைம் அண்டு சிமென்ட் கம்பெனி'.

அவர் விற்றது சுண்ணாம்பு என்றாலும் வாங்கிக் குவித்தது நிலம். காளவாய்க்கு விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும், வண்டி இழுக்கும் காளைக்கு மேய்ச்சல் வேண்டும். இப்படித் தேவைக்காகத் தொடங்கியது பிறகு பழக்கமாகிவிட்டது. சாண்டா க்ரூஸைத் தாண்டி கலிஃபோர்னியாவின் பல கவுண்டிகளில் பண்ணைகள் வாங்கினார். போட்டிக் கம்பெனிகளும் விலைக்கு வந்தன. ஃபெல்டன் அருகே ஃபால் க்ரீக் ஓடைக் கரையில் ஐ.எக்ஸ்.எல் என்ற கம்பெனி நடத்திவந்த காளவாய்களை 1900-ல் வாங்கியது கௌவெல் கம்பெனி.

இவ்வளவு நிலத்தில் நின்ற காடு என்ன ஆனது என்றால், பெரும்பகுதி வெட்டப்பட்டது. ரெட்வுட் உலகத்திலேயே உயரமான மர இனம். 300 அடியைத் தாண்டி வளரக்கூடியது. ராஜராஜ சோழன் பெரிய கோயில் கட்டிய காலத்தில் ஏற்கெனவே வளர்ந்து நின்ற மரங்களும் இந்த மலைகளில் உண்டு. கோடரிக்குத் தப்பாத மரங்கள் வீட்டுப் பலகையாகின. காளவாய்க்கு விறகாகின. சான் ஃபிரான்சிஸ்கோ தீப்பிடிக்காத நகரம் ஆக வேண்டும் என்பதற்காக, ஒரு மலைக்காடு மூன்று மூன்று நாளாக எரிந்தது.

1903 என்ற வருடம்

கௌவெல் தம்பதிக்கு வளர்ந்து ஆளானவர்கள் ஐந்து பிள்ளைகள். எர்னஸ்ட், இசபெல்லா, ஹெலன், சாமுவேல் ஹென்றி, சாரா. சாமுவேல் ஹென்றியை எல்லோரும் ஹாரி என்றே கூப்பிட்டார்கள்.

1903-ல் சாரா சாண்டா க்ரூஸ் பண்ணையில் குதிரை வண்டியில் போனபோது, குதிரை மிரண்டு, வண்டியில் இருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். அதன் பிறகு சகோதரிகள் அந்தப் பண்ணைப் பக்கமே வரவில்லை என்று ஊரில் சொல்வார்கள். விபத்து நடந்த இடமாகக் காட்டப்படும் புல்வெளிக்கு மாணவர்கள் 'பேய் மைதானம்' என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். மாலையில் வெள்ளை உடையில் ஒரு பெண் நடப்பதாகக் கதை. ஹாஸ்டல் இருக்கும் இடத்தில் பேய்க்கதை இல்லாமல் இருக்குமா? ஆனால் கதையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அங்கே மிஞ்சுவது மகளைப் பறிகொடுத்த ஒரு வீடு.

அதே வருடம் நில எல்லைத் தகராறு ஒன்றில் ஹென்றி கௌவெல் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. அதில் பிழைத்தாலும் சில மாதங்களில் அவரும் இறந்துபோனார். எண்பதைத் தாண்டிய வயது. வாழ்நாள் முழுவதும் நிலம் சேர்த்தவருக்குக் கடைசி வருடத்தில் மகளும் போய், நிலத் தகராறில் குண்டடியும் பட்டது.

மூத்த மகன் எர்னஸ்ட் கம்பெனியை எடுத்து நடத்தினார். காலம் அதற்குள் மாறிவிட்டது. 1906-ம் வருடப் பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் சான் ஃபிரான்சிஸ்கோவை மறுபடியும் அழித்தன. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தீயைத் தாங்கலாம், பூமி ஆடினால் தாங்காது என்று அப்போது புரிந்தது. இனிமேல் இரும்புக் கம்பி, கான்கிரீட், போர்ட்லேண்ட் சிமென்ட். சாண்டா க்ரூஸுக்குப் பக்கத்திலேயே டேவன்போர்ட்டில் வேறொரு கம்பெனி பெரிய சிமென்ட் ஆலையைக் கட்டியது.

கௌவெல் குடும்பமும் சும்மா இருக்கவில்லை. டியாப்லோ மலையடிவாரத்தில், கான்கார்டு ஊருக்கு அருகே 1908-ல் சிமென்ட் ஆலை வந்தது. அதைச் சுற்றிக் கம்பெனியே ஓர் ஊரை உருவாக்கியது. தொழிலாளர் வீடுகள், கடை, தீயணைப்பு நிலையம், சரக்கு கொண்டுபோகத் தனி ரயில் பாதை. ஊரின் பெயர்? கௌவெல்தான்.

ஆனால், சுற்றிலும் பழத்தோட்டங்கள். இலைகளிலும் பூக்களிலும் சிமென்ட் தூசி படிந்தது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். தூசியை மேலே, தூரமாக அனுப்ப 235 அடி உயரத்துக்குப் புகைபோக்கி எழுந்தது. தூசியைக் குறைக்கச் சொன்னால் உயரத்தைக் கூட்டுவது உலகம் முழுக்க ஆலைகள் செய்ததுதான்! 1946-ல் அந்த ஆலை மூடப்பட்டது. சாண்டா க்ரூஸில் சுண்ணாம்புத் தொழிலும் அதே 1946-ல் முடிவுக்கு வந்தது. இன்று கான்கார்டில் அந்த இடத்தைச் சுற்றி வீட்டு மனைகள். கல் எடுத்த மலைத்தொடர் 'லைம் ரிட்ஜ்' என்ற பெயரில் நடைப்பயிற்சிக்காரர்களின் இடம். சுண்ணாம்பு மேடு என்று அர்த்தம்.

கையெழுத்துப் போட ஒருவர் மட்டும்

எர்னஸ்ட் 1911-லேயே இறந்துவிட்டார். பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்த பணத்தில்தான் மாணவர்களுக்கான மருத்துவமனை பின்னாளில் உருவானது. ஹெலனுக்கும் இசபெல்லாவுக்கும் திருமணம் ஆகவில்லை. ஹாரியும் பிரம்மச்சாரி. ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட வாரிசு இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் போய், 1950-களில் மிஞ்சியவர் 90 வயதைத் தாண்டிய ஹாரி மட்டும்.

பெட்டி நிறையப் பத்திரங்கள். பெயர் மாற்ற ஆள் இல்லை.

ஃபெல்டன் பக்கத்தில் கோடரி படாத ஒரு ரெட்வுட் தோப்பு அப்போது கவுண்டி நிர்வாகத்திடம் இருந்தது. 1860-களில் இருந்து அதை வேறொரு குடும்பம் சுற்றுலாத் தலமாக நடத்தி, மரங்களைக் காப்பாற்றி வைத்திருந்தது. அதை ஒட்டியிருந்த தங்கள் நிலத்தை ஹாரி அரசுக்குக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து 1954-ல் ஸ்டேட் பார்க் ஆனது. பூங்காவுக்கு அப்பா பெயர். ஆனால், இன்று பயணிகள் அண்ணாந்து பார்க்கும் அந்தப் பெரிய மரங்கள் தப்பித்தது, அவை கௌவெலிடம் இல்லாததால்தான் என்பது பெயர்ப்பலகையைப் படிக்கும் பலருக்குத் தெரியாது. அவற்றில் மிக உயரமானது 270 அடிக்கு மேல்.

1955-ல் ஹாரியும் இறந்தார். சொத்துகள் எஸ்.ஹெச். கௌவெல் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்குப் போயின.

அந்த நேரத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் புதிய வளாகத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. சான் ஹோசேவுக்கு அருகே ஆல்மடென் பள்ளத்தாக்கும் பட்டியலில் இருந்தது. முடிவெடுக்கும் குழுவினர் வெயில் கொளுத்திய நாளில் ஆல்மடெனைப் பார்த்துவிட்டு, வியர்க்க விறுவிறுக்க சாண்டா க்ரூஸுக்கு வந்து, ரெட்வுட் நிழலில் நின்றதும் மனம் மாறினார்கள் என்று ஒரு கதை உண்டு. 1961-ல் கௌவெல் பண்ணையில் 2,000 ஏக்கர் முடிவானது.

'கௌவெல் குடும்பம் தானமாகக் கொடுத்த இடம்' என்று வளாகத்தைச் சுற்றிக் காட்டுபவர்கள் சிலர் சொல்லக்கூடும். அது முழு உண்மை அல்ல. பல்கலைக்கழகம் சுமார் 20 லட்சம் டாலர் கொடுத்து அறக்கட்டளையிடம் இருந்து வாங்கிய நிலம் இது. முதல் கல்லூரியைக் கட்ட அறக்கட்டளை பிறகு நன்கொடை கொடுத்தது. அதனால்தான் அதற்கு கௌவெல் காலேஜ் என்று பெயர்.

1965-ல் வகுப்புகள் தொடங்கியபோது விடுதிகள் தயாராகவில்லை. முதல் செட் மாணவர்கள் புல்வெளியில் நிறுத்திய டிரெய்லர் வண்டிகளில் தங்கிப் படித்தார்கள். முதல் சான்சலர் டீன் மெக்ஹென்றி, நில வடிவமைப்பு ஆலோசகர் தாமஸ் சர்ச் இருவரும் மரங்களைக் காப்பாற்றுவதில் பிடிவாதமாக இருந்தார்கள். கட்டடங்கள் காட்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டுமே தவிர, காட்டை விரட்டக் கூடாது என்பது திட்டம். இன்றும் ஒரு துறையில் இருந்து இன்னொரு துறைக்குப் போக, மரப்பாலத்தில் ஓடையைத் தாண்டி, காட்டுக்குள் நடக்க வேண்டும். இந்த வளாகத்தின் சின்னமே, அந்த ஈரக் காட்டில் ஊரும் மஞ்சள் நத்தை. ஓடு இல்லாத 'பனானா ஸ்லக்'. மற்ற காலேஜ்களுக்கு சிங்கம், கரடி என்றால் இவர்களுக்கு இது போதுமாம்!

போனால் என்ன பார்க்கலாம்?

நுழைவாயில் பகுதியில் பார்க்க ஒரு மணி நேரம் போதும். குதிரை லாயமாக இருந்த கொட்டகை நாடக அரங்கம் ஆகிவிட்டது. அதன் பெயர் பார்ன் தியேட்டர். கல் வீடும் சமையல் கூடமும் அலுவலகங்களாகப் பயன்பட்டவை. காளவாய்கள், பீப்பாய்ப் பட்டறை, தொழிலாளர் குடிசைகள் எல்லாம் சேர்த்து 2007-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. காளவாய்ச் சுவரில் ஏறி போட்டோ எடுக்கும் ஆசை வேண்டாம். கல் உதிரும்.

மேலே ஏறினால், கல் வெட்டிய பள்ளம் ஒன்று திறந்தவெளி அரங்கமாகி இருக்கிறது. க்வாரி ஆம்பிதியேட்டர் என்று பெயர். மூன்று பக்கமும் வெட்டப்பட்ட பாறை, மேலே மரங்கள். காடு திரும்ப வளர்ந்துவிட்டது. மலை மட்டும் வளரவில்லை. அடியில் இருப்பது நீரில் கரையும் பளிங்கு என்பதால் வளாகம் முழுக்க நிலத்துக்கு அடியில் குகைகளும் பொந்துகளும் உண்டு. அங்கங்கே தரை உள்வாங்கிய பள்ளங்களும் தெரியும். இங்கே கட்டடம் கட்டும் இன்ஜினீயர்களுக்கு இன்றும் அதுதான் தலைவலி.

நடக்க முடிந்தவர்கள் ஃபெல்டனுக்கும் போகலாம். ஸ்டேட் பார்க்கின் பெரிய மரங்களைச் சுற்றிவரும் பாதை சமதளம். முழங்கால் வலி உள்ளவர்களும் நிதானமாக நடக்கலாம். பக்கத்திலேயே ரோரிங் கேம்ப் நீராவி ரயில், குழந்தைகளுக்குப் பிடிக்கும். அதே பூங்காவின் இன்னொரு பகுதி ஃபால் க்ரீக். ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் போனால், 1919-ல் நெருப்பு அணைந்த மூன்று காளவாய்கள் காட்டுக்குள் நிற்கும். சுவரில் பாசி, வளைவுக்குள் பெரணிச் செடிகள். 2020 ஆகஸ்டில் மின்னலால் பரவிய பெரும் காட்டுத்தீ இந்தப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. அப்போது பல்கலைக்கழகத்தையே காலி செய்தார்கள். பாதை திறந்திருக்கிறதா என்று போவதற்கு முன் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டுவிடாதீர்கள். அரிப்பு ஒரு வாரம் விடாது.

வளாகத்துக் காட்டில் நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரெட்வுட் மரங்கள் பல இடங்களில் வட்டமாக நிற்கும், யாரோ கோடு போட்டு நட்டதுபோல. யாரும் நடவில்லை. ரெட்வுட்டை வெட்டினாலும் வேர் சாகாது. அடிக்கட்டையைச் சுற்றித் துளிர் விடும். துளிர்கள் மரமாகி வட்டமாக நிற்க, நடுவில் இருந்த கட்டை மெல்ல மக்கிப்போகும். காளவாய்க்கு விறகாகப் போன மரம் நின்றது அந்த நடுவில்தான். நான்கைந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் தாராளமாக உள்ளே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே இடம் இருக்கிறது.